ஸ்டீராய்டு கொடுத்தபின் பெருகிய குடற்புழு: ஸ்ட்ராங்கிலாய்டிஸ் தொற்று குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

கீழே வருவது எந்த ஒரு தனிநபரின் மருத்துவப் பதிவும் அல்ல. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் ஸ்டெர்கோராலிஸ் என்ற உருளைப்புழு ஸ்டீராய்டு எடுப்பவர்களின் உடலில் பெருகும்போது திரும்பத் திரும்பக் காணப்படும் போக்கை, பயிற்சிக்காக ஒரே நோயாளியின் வடிவில் தொகுத்திருக்கிறோம். குறிகளும் ஆய்வக எண்களும் மருந்தளவுகளும் இந்நோயில் உண்மையாக எதிர்கொள்ளப்படுபவை.

நோயாளியின் நிலை

வயது 54. காவிரிப் படுகையில் நெல்லும் உளுந்தும் பயிரிடுபவர். பதினைந்து ஆண்டுகளாக இளைப்பு (ஆஸ்துமா). இன்ஹேலரை ஒழுங்காக எடுப்பதில்லை. மூச்சு முட்டும்போது மருந்துக்கடையில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். இம்முறை மழைக்காலத்தில் இளைப்பு அடங்காததால் தினம் 30 மி.கி. என்று பத்து வாரம் தொடர்ந்திருக்கிறார்.

ஏழாவது வாரத்தில் மேல்வயிற்றில் எரிச்சலும் வலியும் தொடங்கின. அல்சர் என்று நினைத்து பான்டோபிரசோல் எடுத்தார். அடுத்து வாந்தி, நாளைக்கு ஐந்தாறு முறை தண்ணீராகப் பேதி, வயிற்று உப்புசம். 55 கிலோ எடை 48 ஆகியது. பத்தாவது வாரத்தில் இருமலும் இளைப்பும் கூடின; ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருக்கும்போதே இளைப்பு கூடியது. பிறகு குளிர் காய்ச்சல், குழப்பமான பேச்சு. அந்த நிலையில்தான் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்.

சேர்க்கும்போது இரத்த அழுத்தம் 84/50, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 124, ஆக்சிஜன் செறிவு 88 சதவீதம். இரு நுரையீரல்களிலும் விசில் ஒலியும் கரகர ஒலியும். வயிறு உப்பி, குடல் ஒலி குறைந்திருந்தது. தொப்புளைச் சுற்றிப் பெருவிரல் பதித்தது போன்ற கருஞ்சிவப்புத் திட்டுகள் இருந்தன. தோலடி இரத்தக்கசிவால் வரும் இந்தத் திட்டுகள் பரவிய ஸ்ட்ராங்கிலாய்டிஸ் தொற்றில் முக்கியமான குறி. போர்வையை விலக்கிப் பார்க்காவிட்டால் தெரியாது.

முதல் நாள் இரத்த முடிவுகள்: ஹீமோகுளோபின் 9.4, வெள்ளணுக்கள் 14,200, ஈசினோபில் (புழுத்தொற்றிலும் ஒவ்வாமையிலும் கூடும் வெள்ளணு வகை) 1 சதவீதம், ஆல்புமின் 2.1, சோடியம் 124. மார்பு எக்ஸ்ரேயில் இருபுறமும் திட்டுத்திட்டான படிவுகள். முதலில் எழுதப்பட்ட கணிப்பு நிமோனியாவும் செப்சிஸும் (உடலெங்கும் பாதிக்கும் கடும் தொற்று நிலை). காசநோயும் சந்தேகத்தில் இருந்தது.

ஒரு சதவீதம் என்ற எண்

இந்த நோயாளியைத் தவறவிட வைக்கக்கூடியது ஈசினோபில் 1 சதவீதம் என்ற முடிவுதான். “ஈசினோபில் கூடவில்லை, ஆகவே புழு இல்லை” என்று எண்ணத் தோன்றும். ஸ்டீராய்டு எடுப்பவரிடம் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. ஸ்டீராய்டு ஈசினோபில்களை அடக்கிவிடும். கடும் பாக்டீரியத் தொற்றும் அதையே செய்யும். புழுப் பெருக்கம் உச்சத்தில் இருக்கும்போது ஈசினோபில் பூஜ்ஜியமாக இருப்பதும் உண்டு. அது உடல் எதிர்த்து நிற்கவில்லை என்பதைக் காட்டும் கெட்ட அறிகுறி.

பார்க்க வேண்டியது பழைய ரிப்போர்ட். இவருடைய மனைவி மஞ்சப்பையில் வைத்திருந்த தாள்களில், மூன்று ஆண்டுகளுக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனை ஒன்று இருந்தது. அதில் ஈசினோபில் 16 சதவீதம். அப்போது வெப்பமண்டல ஈசினோபீலியா என்று கருதி யானைக்கால் புழுவுக்கான டிஇசி மாத்திரை மூன்று வாரம் கொடுத்திருக்கிறார்கள். இளைப்பும் ஈசினோபீலியாவும் சேர்ந்தால் யானைக்கால் புழுவை நினைப்பது நம் ஊரில் நியாயம்தான். ஆனால் டிஇசி ஸ்ட்ராங்கிலாய்டிஸை ஒழிக்காது. இரண்டு வாரம் கழித்து எண்ணிக்கை குறைந்ததா என்று யாரும் திரும்பப் பார்க்கவில்லை.

மனைவி சொன்ன இன்னொன்று: “பூச்சி மாத்திரை போன மாசம்தான் போட்டாரு டாக்டர்.” அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரே ஒரு வேளை. தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தரப்படும் அதே மருந்து. நாக்குப்பூச்சிக்கு அது நல்ல மருந்து, கொக்கிப்புழுவுக்கும் வேலை செய்யும். ஸ்ட்ராங்கிலாய்டிஸுக்கு ஒரு வேளை அல்பெண்டசோல் போதாது. பூச்சி மாத்திரை போட்டாகிவிட்டது என்பதை வைத்து இந்தப் புழுவை விலக்கக் கூடாது.

இந்தப் புழு ஏன் வேறுபடுகிறது

ஈர மண்ணில் இருக்கும் தொற்று லார்வா (தொற்றும் நிலையிலுள்ள இளம்புழு) வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைந்து, இரத்தம் வழியே நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழாயில் ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைகிறது. அங்கே சுமார் 2 மி.மீ. நீளமுள்ள பெண்புழு குடற்சுவரின் உட்படலத்துக்குள் புதைந்து, ஆணின் துணையின்றியே முட்டையிடுகிறது. முட்டை குடலுக்குள்ளேயே பொரிந்துவிடும். ஆகவே மலத்தில் வருவது முட்டை அல்ல, லார்வா.

கொக்கிப்புழுவும் இதே வழியில்தான் வருகிறது; ஆனால் அதன் லார்வா மனித உடலுக்கு வெளியே மண்ணில்தான் முதிர முடியும். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் லார்வாக்களில் ஒரு பகுதி, மலத்தோடு வெளியேறும் முன்பே குடலுக்குள் தொற்று நிலைக்கு முதிர்ந்து, பெருங்குடல் சுவரையோ ஆசனவாயைச் சுற்றிய தோலையோ துளைத்து மறுபடி உள்ளே நுழைகிறது. அதாவது மண்ணை மிதிக்காமலே நோயாளி தன்னையே மீண்டும் மீண்டும் தொற்றிக்கொள்கிறார். ஒருமுறை வந்த தொற்று மருந்தின்றி ஆயுள் முழுக்க நீடிப்பது இதனால்தான். 1876இல் பிரான்சின் துலோன் கடற்படை மருத்துவமனையில் லூயி நோர்மன், இன்றைய வியட்நாமிலிருந்து திரும்பிய பிரெஞ்சு வீரர்களின் மலத்தில் இதை முதன்முதலாகக் கண்டார். இரண்டாம் உலகப்போரில் சயாம்–பர்மா ரயில்பாதையில் வேலை வாங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கைதிகளிடம், வெப்பமண்டலத்துக்குத் திரும்பாமலே பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் இந்தத் தொற்று உயிர்ப்புடன் கண்டறியப்பட்டது. அதே ரயில்பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர்களும் அதே சேற்றில்தான் நின்றார்கள்.

உடல் திடமாக இருக்கும்வரை சில புழுக்களே இருக்கும், எண்ணிக்கை கட்டுக்குள் நிற்கும். ஸ்டீராய்டு வந்ததும் அந்தக் கட்டு அவிழ்கிறது. லார்வாக்கள் வேகமாக முதிரவும் ஸ்டீராய்டே தூண்டுவதாகக் கருதப்படுகிறது. ஆயிரக்கணக்கான லார்வாக்கள் குடற்சுவரைத் துளைத்து நுரையீரலுக்குப் போகும்; கல்லீரல், மூளை வரைகூடப் போகும். போகும்போது குடல் பாக்டீரியாவையும் சுமந்துசெல்லும். இந்த நோயாளியின் இரத்தக் கல்ச்சரில் இ.கோலை வளர்ந்தது. வேறு காரணம் தெரியாத கிராம்-நெகட்டிவ் (இ.கோலை போன்ற பாக்டீரியா வகை) செப்சிஸ் அல்லது மூளைக்காய்ச்சல் ஸ்டீராய்டு எடுப்பவருக்கு வந்தால், மலத்தையும் சளியையும் லார்வாவுக்காகப் பார்க்கச் சொல்வது முதல் நாளே எழுத வேண்டிய ஆர்டர்.

எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது

காசநோய்க்காக அனுப்பிய சளியில் சிபிநாட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) நெகட்டிவ். ஆனால் அதே சளியை ஈரப் பூச்சாக வைத்துப் பார்த்த ஆய்வகப் பணியாளர், குறைந்த உருப்பெருக்கத்தில் நெளியும் லார்வாவைக் கண்டார். சுமார் 600 மைக்ரான் நீளம், உணவுக்குழல் உடலில் ஏறக்குறைய பாதி நீளம், வால்நுனி பிளவுபட்டது: தொற்று நிலை லார்வா. மலத்தின் ஈரப் பூச்சில் அதன் முந்தைய நிலை ஏராளமாக இருந்தது.

இந்த நிலையில் மலத்தில் லார்வா மொய்க்கும், கண்டுபிடிப்பது எளிது. கடினம் நாள்பட்ட, அமைதியான தொற்றில்தான். லார்வா குறைவாகவும் விட்டுவிட்டும் வெளியேறும். ஒரே ஒரு மலப் பரிசோதனை பாதிக்கும் மேற்பட்டவர்களைத் தவறவிடும். மூன்று வெவ்வேறு நாள் மாதிரிகளாவது வேண்டும். வழக்கமான ஸ்லைடு மட்டும் போதாது.

அகார் தட்டு முறை எந்தச் சிறு ஆய்வகத்திலும் செய்யக்கூடியது. புதிய மலத்தில் 2 முதல் 4 கிராம் எடுத்து நியூட்ரியன்ட் அகார் தட்டின் நடுவில் வைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, 26–28 டிகிரியில் வைக்கவேண்டும். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை தினமும் பார்க்கவேண்டும். லார்வா ஊர்ந்த வழியில் பாக்டீரியாவைச் சுமந்துசெல்வதால், ஈர மண்ணில் மண்புழு போன தடம்போல வளைந்து வளைந்து காலனிகள் வளர்ந்திருக்கும். தடம் தெரிந்தால் மூடியில் சூடான ஊசியால் துளையிட்டு 10 சதவீத ஃபார்மலின் ஊற்றிக் கொன்ற பிறகே திறந்து அடையாளம் பார்க்க வேண்டும். கையுறை கட்டாயம்; தட்டுக்குள் இருப்பவை தோலைத் துளைக்கும் லார்வாக்கள்.

இதில் தவறு நடப்பது பெரும்பாலும் தட்டு வைப்பதற்கு முன்பே. வார்டில் எடுத்த மாதிரியை மறுநாள் அனுப்பலாம் என்று ஃபிரிட்ஜில் வைத்தால் லார்வா செத்துவிடும். தட்டில் எதுவும் ஊராது. ஃபார்மலின் கலந்தாலும் அப்படியே. மாறாக, மாதிரி வெளியில் ஒரு நாள் கிடந்தால் கொக்கிப்புழு முட்டை பொரிந்து லார்வாவாகி, ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்று தவறாகப் படிக்கப்படும். வாய்க்குழியைப் பார்த்தால் பிரித்துவிடலாம்: கொக்கிப்புழு லார்வாவுக்கு நீளம், ஸ்ட்ராங்கிலாய்டிஸுக்குக் குட்டை, அதோடு இனப்பெருக்க உறுப்பின் முளை இதில் பெரிதாகத் தெரியும். முட்டை எண்ணுவதற்கான கேட்டோ-காட்ஸ் முறை இந்தப் புழுவுக்குப் பயன்படாது, எண்ண முட்டையே வராது.

அகாருக்கு வசதி இல்லையென்றால் பேர்மன் முறை: புனலின் அடியில் ரப்பர் குழாயும் கிளிப்பும், மேலே சல்லடையில் காஸ் துணி, அதில் மலம், அது தொடும்படி வெதுவெதுப்பான தண்ணீர். லார்வா தண்ணீரில் இறங்கி அடியில் சேரும். இரண்டு மணி நேரம் கழித்து அடித்தண்ணீரை எடுத்து மையவிலக்கில் சுற்றி, படிவைப் பார்க்கலாம்.

எதிர்ப்பொருள் எலைசா (இரத்தத்தில் புழுவுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை) அமைதியான தொற்றைக் கண்டுபிடிக்க மலப் பரிசோதனையைவிட நன்றாக உதவும். யானைக்கால் புழு உள்ளவரிடம் பொய்யாகப் பாசிட்டிவ் வரலாம். எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவரிடம் பொய்யாக நெகட்டிவ் வரலாம். இவரைப் போன்ற நிலையில் எலைசா நெகட்டிவ் என்று சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

எண்டோஸ்கோப்பி செய்தால் டியோடினம் (சிறுகுடலின் தொடக்கப் பகுதி) வீங்கி, சிவந்து, சில இடங்களில் வெண்திட்டுகளோடு தெரியும். பயாப்சியில் சுரப்பிக் குழிகளுக்குள் புழுவின் வெட்டுத்தோற்றங்கள் இருக்கும். இவருக்கு அது தேவைப்படவில்லை.

சிகிச்சை

ஐவர்மெக்டின்தான் மருந்து. கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். 48 கிலோவுக்குக் கணக்கு 9.6 மி.கி.; 36 முதல் 50 கிலோ வரை 9 மி.கி. என்பது நிலையான அட்டவணை அளவு. 6 மி.கி. ஒன்றும் 3 மி.கி. ஒன்றுமாகத் தினம் ஒரு வேளை தொடங்கப்பட்டது. அமைதியான தொற்றுக்கு இதே அளவு ஒரே வேளை போதும். 2019இல் வெளிவந்த ஒப்பாய்வில் ஒரே வேளையும் நான்கு வேளையும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன: 86, 85 சதவீதம். எதிர்ப்பாற்றல் உள்ளவர்களுக்கான கணக்கு அது. பெருக்க நிலையில் ஒரு வேளை கொடுத்துவிட்டு நிறுத்துவது ஆபத்து. தினமும் கொடுத்து, மலமும் சளியும் லார்வா இல்லாமல் ஆன பிறகும் இன்னும் 14 நாள் தொடரவேண்டும். தன்தொற்றுச் சுழற்சி ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும். மருந்துக்குத் தப்பிய லார்வா அதற்குள் முதிர்ந்து அகப்பட்டுவிடும்.

இவருக்கு இரண்டாம் நாள் குடல் அசைவு நின்றுபோனது. மூக்குக்குழாயில் நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் பச்சைத் திரவம் வந்தது. இந்த நிலையில் வாய்வழி மாத்திரை உறிஞ்சப்படுமா என்பதை நம்ப முடியாது. மாத்திரையைப் பொடித்துக் குழாய் வழியே கொடுத்து, குழாயைச் சில மணி நேரம் மூடிவைத்தார்கள். ஆசனவாய் வழியாகவும் அதே அளவு கரைசல் கொடுத்தார்கள். இதுவும் பலிக்காதபோது கால்நடை மருத்துவத்துக்கான ஊசி மருந்தைத் தோலடியில் செலுத்தி உயிர் காத்த பதிவுகள் உலகெங்கும் உண்டு. மனிதருக்கு அனுமதி பெறாத வழி என்பதால் குடும்பத்தாரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் மருத்துவமனைக் குழுவின் அனுமதியும் வேண்டும். பல வழிகளில் கொடுக்கும்போது மயக்கம், தள்ளாட்டம், பார்வைக் குழப்பம் வருகிறதா என்று தினமும் பார்க்கவேண்டும்; அவை மருந்து கூடியதன் குறிகள். ஐந்தாம் நாள் குடல் ஒலி திரும்பியதும் வாய்வழி மட்டும் தொடர்ந்தது. அல்பெண்டசோல் 400 மி.கி. இரு வேளையும் துணைக்குச் சேர்க்கப்பட்டது. அது ஐவர்மெக்டினுக்கு மாற்று அல்ல.

கடினமான முடிவு ஸ்டீராய்டைப் பற்றியது. புழுவைப் பெருக்கியது ஸ்டீராய்டு, நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் பத்து வாரம் 30 மி.கி. எடுத்தவரின் உடலில், கார்ட்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி ஓய்ந்துபோயிருக்கும். செப்சிஸோடு வந்தவருக்குத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் மீளாது. இவருக்கு அழுத்தம் விழுந்திருந்த முதல் மூன்று நாள் ஹைட்ரோகார்ட்டிசோன் 50 மி.கி. ஆறு மணிக்கொருமுறை கொடுக்கப்பட்டது. ஐவர்மெக்டின் முதல் டோஸ் உள்ளே போனபிறகுதான் அது தொடங்கியது. அழுத்தம் நிலைத்ததும் விரைவாகக் குறைத்து, பத்து நாளில் பிரெட்னிசோலோன் 5 மி.கி.க்கு வந்தார்கள். காலைக் கார்ட்டிசால் அளவு சரியான பிறகு அதுவும் நின்றது. இளைப்புக்கு புடசோனைடும் ஃபார்மோட்டராலும் சேர்ந்த இன்ஹேலர் ஆரம்பத்திலிருந்தே. “புழு பெருகுகிறது, ஸ்டீராய்டை இன்றே நிறுத்து” என்று எழுதுவதும், “இளைப்பு கூடியிருக்கிறது, ஸ்டீராய்டைக் கூட்டு” என்று எழுதுவதும் இந்த நோயாளியைக் கொன்றிருக்கும். இரண்டாவதுதான் நடைமுறையில் அதிகம் நடக்கிறது.

இ.கோலைக்கு மெரோபினம் என்ற ஆன்டிபயாடிக் 1 கிராம் எட்டு மணிக்கொருமுறை. குழப்பமான பேச்சு இருந்ததால் முதுகுத்தண்டு நீரும் எடுத்துப் பார்க்கப்பட்டது. அதில் தொற்று இல்லை. குழப்பத்துக்குக் காரணம் சோடியம் 124 என்று தெரிந்தது. இந்தத் தொற்றில் சோடியம் குறைவது வழக்கமாகக் காணப்படுவதுதான். 24 மணி நேரத்தில் 8 மில்லிமோலுக்கு மேல் ஏற்றாமல் மெதுவாகச் சரிசெய்தார்கள்.

சளியும் மலமும் கையாளும்போது கையுறையும் கவுனும் போட வேண்டும். இந்த நிலையில் அவற்றில் இருப்பது நேரடியாகத் தொற்றக்கூடிய லார்வா. வார்டு உதவியாளர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லவேண்டும். அவர்கள்தான் பெட்பேனைத் தூக்குகிறவர்கள்.

எட்டாம் நாள் சளியில் லார்வா இல்லை. பன்னிரண்டாம் நாள் மலத்திலும் இல்லை. அதிலிருந்து 14 நாள் கணக்கிட்டு, இருபத்தாறாம் நாள் ஐவர்மெக்டின் நிறுத்தப்பட்டது. இடையில் ஈசினோபில் 1இலிருந்து 9 சதவீதமாக ஏறியது. நோய் திரும்புகிறதோ என்று பயப்பட வேண்டியதில்லை. ஸ்டீராய்டு குறைந்து எதிர்ப்பாற்றல் மீள்வதன் குறி அது. இவர் பிழைத்தார். சிகிச்சை கிடைத்தும் பெருக்க நிலையில் பாதிப்பேர் வரை இறக்கிறார்கள்; சிகிச்சை இல்லாவிட்டால் கிட்டத்தட்ட எல்லோருமே.

முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டியவை

பிரெட்னிசோலோன் 20 மி.கி.யோ அதற்கு மேலோ இரண்டு வாரத்துக்கு மேல் என்று எழுதும்போது, உறுப்பு மாற்றுக்கும் புற்றுநோய் மருந்துக்கும் முன்பு, மூன்று கேள்விகள் போதும். அதைவிடக் குறுகிய காலம் கொடுத்தும் பெருக்கம் வந்ததுண்டு என்பதால் கோவிட் காலத்தில் டெக்சாமெத்தசோன் கொடுக்கும் முன்பும் இதே கவலை எழுந்தது.

“வயலுக்கு, தோப்புக்குச் செருப்பு போட்டுத்தான் போவீங்களா ஐயா?” “முன்ன எப்பயாவது ரத்தம் டெஸ்ட் பண்ணி ஈஸ்னோபீலியானு சொன்னாங்களா?” மூன்றாவதை அரிப்பு உண்டா என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். இப்படிக் கேட்கவேண்டும்: “இடுப்பு, பின்புறம், தொடைப் பக்கம் கோடு மாதிரி தடிச்சு அரிச்சு, கொஞ்ச நேரத்துல அந்தக் கோடு நகர்ந்திருக்கா?” தோலுக்கடியில் ஊரும் லார்வாவின் தடம் மணிக்கு 5 முதல் 10 செ.மீ. நகரும், சில மணி நேரத்தில் மறைந்து, வாரங்கள் கழித்து மீண்டும் வரும். மருத்துவரிடம் வருவதற்குள் மறைந்துவிடுவதால் கேட்டால்தான் தெரியும். பேனாவால் கோட்டின் முனையைக் குறித்துவைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கச் சொல்லலாம். இந்த நோயாளிக்கு ஐந்தாறு ஆண்டுகளாக அது இருந்தது. சேற்றுப்புண் களிம்பு தடவிக்கொண்டிருந்தார்.

ஒரு கேள்விக்கு ஆம் என்றாலும் எலைசாவும் மலப் பரிசோதனையும் அனுப்பவேண்டும். முடிவு வரும்வரை ஸ்டீராய்டைத் தள்ளிப்போட முடியாத அவசரம் என்றால், ஐவர்மெக்டின் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் ஒன்று அல்லது இரண்டு நாள் கொடுத்துவிட்டுத் தொடங்கலாம். கர்ப்பிணிக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் இப்படி யோசிக்காமல் கொடுக்கக் கூடாது. ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியில் வாழ்ந்தவரானால் லோவா லோவா புழு இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும்; அது இரத்தத்தில் மிகுந்திருக்கும்போது ஐவர்மெக்டின் மூளையைப் பாதிக்கும். இந்தியாவை விட்டுப் போகாதவருக்கு அந்தக் கவலை இல்லை.

வீடு திரும்பிய பின்

நாலாவது வாரத்திலும் மூன்றாவது மாதத்திலும் அகார் தட்டுக்கு மலம், ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் எலைசா அளவு. அளவு பாதிக்கும் கீழே இறங்கினால் குணமானதாகக் கொள்ளலாம். இறங்காவிட்டால் மறுபடி ஐவர்மெக்டின். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வீட்டில் பரவுவது அரிது. ஆனால் மனைவியும் மகனும் அதே வயலில் வெறுங்காலோடு இறங்குகிறவர்கள் என்பதால் அவர்களுக்கும் பரிசோதனை எழுதப்பட்டது. மனைவிக்கு எலைசா பாசிட்டிவ், எந்தத் தொந்தரவும் இல்லை. எடைக்கேற்ப ஒரு வேளை ஐவர்மெக்டின் கொடுக்கப்பட்டது. நோயாளியின் டிஸ்சார்ஜ் தாளில் முதல் வரியாக, சிவப்பு மையில்: “ஸ்ட்ராங்கிலாய்டிஸ் தொற்று இருந்தது, ஸ்டீராய்டு கொடுக்கும் முன் மறுபரிசோதனை அவசியம்.” அடுத்த இளைப்புக்கு அவர் முதலில் போகப்போவது மருந்துக்கடைக்கு என்பதால், அதே வரியைத் தமிழில் ஒரு சிறு அட்டையில் எழுதி, இன்ஹேலர் உறையிலேயே வைத்துக் கொடுத்தார்கள்.